விழுதுகள் தாங்கிய மரம்
(ஜப்பானிய மோரிக் குடியும் அதன் கிளைகளும்)

‘குடி’ என்னும் சொல் ஒரு குடும்பத்தையும் குறிக்கும். ஒரே முன்னோரின் வழிவந்த பல குடும்பங்களின் தொகுதியையும் குறிக்கும். அத்தொகுதிக்குள் உரிமை உடையாரைத் ‘தாயாதி’ என்கிறோம். உறவைச் சுட்டும் அச்சொல்லே ‘தாயாதிக் காய்ச்சல்’ என்னும் வழக்கில் பகையையும் சுட்டுகிறது. பங்குக்கு உரியவரே பகைக்கும் உரியவர் ஆவர் என்பது உலகியல். இவ்வுண்மையை நன்கு உணர்ந்து, உறவினர் பகைவராகாதிருக்க ஓர் அமைப்பை வகுத்துக்கொண்டவர்கள் ஜப்பானியச் சாமுராய்க் குடியினர். தலைமை இல்லத்தை ‘ஹோங்கே’ என்றும், அதனின்று பிரிந்த கிளை இல்லத்தைப் ‘புங்கே’ என்றும் அவர்கள் வழங்கினர். தலைமை இல்லம் தழைக்கக் கிளை உழைத்தல் வேண்டும். தலைமை இல்லத்தில் மகப்பேறு அற்றுப்போயின், கிளை தன் மகனை அளித்து அதனைக் காத்தல் வேண்டும். இதுவே அவ்வமைப்பின் சாரம்.

ஏட்டில் எளிதாகத் தோன்றும் இவ்விதி வாழ்வில் எவ்வாறு இயங்கிற்று? அதற்கு விலை கொடுத்தவர் யாவர்? இவ்வினாக்களுக்கு விடை காண ஏற்ற குடி மோரிக் குடியாகும். ஜப்பானின் முதன்மைத் தீவாகிய ஹொன்ஷுவின் மேற்குக் கோடியில் ஏறத்தாழ மூன்று நூற்றாண்டுகள் பேராற்றலுடன் விளங்கி, 1868ஆம் ஆண்டின் மெய்ஜி மாற்றத்துக்கு முன்னின்ற குடி அது. அக்குடியின் கிளைகள் தலைமையைத் தாங்கிய வரலாற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

எழுத்தரின் வழிவந்த வீரர்

மோரிக் குடியின் மூலவர் வாளேந்திய வீரர் அல்லர், எழுத்தேந்திய அறிஞர். கியோத்தோ அரசவையில் கல்வியால் பெயர்பெற்ற ஓயே மரபில் தோன்றிய ஹிரோமொத்தோ (1148-1225), காமாகுராவில் படைத்தலைவர் ஆட்சியை நிறுவிய மினமோத்தோ யோரித்தோமோவுக்கு அமைச்சராகச் சென்றார். வாள்வீரர்கள் வென்ற நாட்டை ஆள்வதற்கு ஆவணமும் கணக்கும் அறிந்தவர் தேவைப்பட்டனர். அத்தேவையை நிறைவு செய்தவர் ஹிரோமொத்தோ. அவருடைய நான்காம் மகன் சுவேமித்சு, சகாமி நாட்டில் ‘மோரி’ என்னும் பண்ணை நிலத்தைப் பெற்று அதன் பெயரையே தம் குடிப்பெயராகக் கொண்டார். அந்நிலம் இன்றைய கனகாவா மாவட்டத்தின் அத்சுகி நகரை ஒட்டியது.

குடி தோன்றிய தலைமுறையிலேயே அழிவும் வந்தது. 1247இல் மியூரா குடியினர் ஆட்சியாளருக்கு எதிராகப் போரிட்டபோது, சுவேமித்சு தம் மனைவியின் பிறந்தகமாகிய மியூராவின் பக்கம் நின்றார். தோல்வியுற்ற அவர் மக்களுடன் உயிர்நீத்தார். தொலைவிலிருந்த எச்சிகோ நாட்டில் தங்கியிருந்த த்சுனேமித்சு என்னும் ஒரு மகன் மட்டும் எஞ்சினார். எச்சிகோவிலும், மேற்கே அக்கி நாட்டின் யோஷிதாவிலும் இருந்த நிலங்கள் அவர் வழியினருக்கு நிலைத்தன. 1336இல் அவருடைய மகன் தொக்கிச்சிக்கா யோஷிதாவுக்குக் குடிபெயர்ந்தார். இன்றைய ஹிரோஷிமா மாவட்டத்திலுள்ள அம்மலைப்பகுதியே பின்னர் மோரிக் குடியின் தாயகமாயிற்று. தலைமை மரம் வெட்டுண்டபோது ஒதுங்கி நின்ற ஒரு கிளையே வேர்விட்டது என்பது ஈண்டு நினைவிற் கொள்ளத்தக்கது. இக்குடியின் வரலாற்றில் இந்நிகழ்ச்சி மீண்டும் மீண்டும் வருகிறது.

மொத்தோநாரியும் இரண்டு ஆறுகளும்

யோஷிதாவின் சிறுநிலக்கிழாராக இருந்த குடியைப் பேரரசுக்கு இணையாக உயர்த்தியவர் மோரி மொத்தோநாரி (1497-1571). அவர் இரண்டாம் மகன். ஆட்சிக்கு உரியவராகப் பிறந்தவர் அல்லர். இளமையிலேயே தாயையும் தந்தையையும் இழந்தார். அவருக்கென ஒதுக்கப்பட்ட நிலத்தை, காக்க வேண்டிய பணியாளரே கவர்ந்துகொண்டார். தந்தையின் இன்னொரு மனைவியாகிய பெண்மணி ஒருவர், தம் பிறந்தகம் செல்லாது தங்கி அச்சிறுவனை வளர்த்தார். 1516இல் அண்ணன் இறந்தார். 1523இல் அண்ணன் மகனாகிய சிறுவனும் இறந்தான். அதன்பின்னரே மொத்தோநாரி தலைமை ஏற்றார். அடுத்த ஆண்டே, தலைமையைப் பறிக்கச் சூழ்ந்தார் எனக் குற்றஞ்சாட்டி, வேற்றுத்தாய்க்குப் பிறந்த தம் தம்பியைக் கொல்வித்தார். உடன்பிறந்தார் ஒற்றுமையைப் பிற்காலத்தில் ஓயாது வலியுறுத்திய ஒருவரின் ஆட்சி, தம்பியின் குருதியோடு தொடங்கிற்று.

வடக்கே அமாகோ குடியும் மேற்கே ஓவுச்சி குடியும் பேரரசர்களைப் போல் விளங்கிய காலம் அது. இரண்டுக்கும் இடையில் சிக்கிய மொத்தோநாரி, போரைவிட உறவையே பெரிதும் கருவியாக்கினார். தம் மனைவியின் பிறந்தகமாகிய கிக்காவாக் குடிக்கு இரண்டாம் மகன் மொத்தோஹாருவையும், கடற்கரையில் வலிமைபெற்றிருந்த கோபாயாகாவாக் குடிக்கு மூன்றாம் மகன் தக்காக்காகேவையும் தத்துக் கொடுத்தார். மூத்த மகன் தக்காமொத்தோ மோரித் தலைமைக்கு உரியவரானார். ‘காவா’ என்பது ஜப்பானிய மொழியில் ஆற்றைக் குறிக்கும். ஆதலின் இவ்விரு கிளைகளும் ‘மோரியின் இரண்டு ஆறுகள்’ எனப் பெயர்பெற்றன. மலைவழிப் போர்க்குக் கிக்காவாவும், கடல்வழிப் போர்க்குக் கோபாயாகாவாவும் துணையாயின.

‘தத்து’ என்னும் மென்மையான சொல் இங்கே மறைப்பது மிகுதி. கிக்காவாக் குடிக்குத் தலைவர் இல்லாமல் இல்லை. இருந்தவரை ஓய்வுபெறச் செய்து, 1550இல் அவரையும் அவருடைய இளமகனையும் மொத்தோநாரி கொல்வித்தார். கோபாயாகாவா மூத்த இல்லத்தின் தலைவர் பார்வை இழந்தவர். அவரை விலக்கிவிட்டு அவருடைய தங்கையைத் தக்காக்காகேவுக்கு மணம் முடித்தனர். அதே 1550இல், செருக்குற்ற பணியாளராகிய இனோவே குடியினர் முப்பதின்மர் அளவில் கொல்லப்பட்டனர். ஆறுகள் இரண்டும் இவ்வாறு வெட்டப்பட்ட வாய்க்கால்களே.

இவ்வமைப்பு பயன் தந்தது என்பதையும் மறுத்தற்கில்லை. 1555இல் இத்சுகுஷிமாத் தீவில், ஓவுச்சி குடியைக் கவிழ்த்திருந்த சுவே ஹாருக்காத்தாவின் பெரும்படையை மொத்தோநாரி முறியடித்தார். 1557இல் சுவோ, நகாத்தோ என்னும் இரு நாடுகளும் அவர் வசமாயின. 1566இல் அமாகோ குடியும் பணிந்தது.

மூன்று அம்புகளும் பதினான்கு கூறுகளும்

மொத்தோநாரியின் பெயரைக் கேட்ட அளவில் ஜப்பானியர் நினைவுக்கு வருவது மூன்று அம்புகளின் கதை. இறக்குந்தறுவாயில் அவர் தம் மூன்று மக்களையும் அழைத்து, ஓர் அம்பை ஒடிக்கச் சொன்னாராம்; எளிதில் ஒடிந்ததாம். மூன்றையும் சேர்த்துக் கொடுத்தாராம், ஒடிக்க இயலவில்லையாம். மெய்ஜி காலத்துப் பள்ளிப் பாடநூல்கள் இக்கதையை நாடெங்கும் பரப்பின. குரோசாவா 1985இல் எடுத்த ‘ரான்’ திரைப்படத்திலும் இது இடம்பெறுகிறது. ஹிரோஷிமாவின் கால்பந்து அணியாகிய ‘சான்ஃப்ரெச்சே’யின் பெயர், ‘மூன்று’ என்னும் ஜப்பானியச் சொல்லும் ‘அம்புகள்’ என்னும் இத்தாலியச் சொல்லும் சேர்ந்ததே.

இக்கதை நிகழ்ந்திருக்க இயலாது. மொத்தோநாரி இறந்தது 1571இல். மூத்த மகன் தக்காமொத்தோவோ 1563இலேயே இறந்துவிட்டார். இறப்புப் படுக்கையைச் சூழ மூவர் இருந்திருக்க வழியில்லை. இருபது மக்களைப் பெற்ற து-யு-ஹுன் மன்னர் ஒருவர் பத்தொன்பது அம்புகளைச் சேர்த்து ஒடிக்கச் சொன்னதாகச் சீன வரலாற்று நூலொன்று கூறுகிறது. ஈசாப்பின் விறகுக்கட்டுக் கதையும் இவ்வகையினதே. ஊர்தோறும் உலவிய நீதிக்கதை ஒன்று மொத்தோநாரியின் மேல் ஏற்றப்பட்டது என்பதே பொருந்தும்.

ஆயினும் கதைக்கு ஒரு வித்து உண்டு. 1557ஆம் ஆண்டின் இறுதியில் மொத்தோநாரி தம் மூன்று மக்களுக்கும் பொதுவாகப் பதினான்கு கூறுகள் கொண்ட ஒரு மடலைத் தம் கையால் எழுதினார். அம்மடல் இன்றும் ஹோஃபு நகரின் மோரி அருங்காட்சியகத்தில் உள்ளது. மோரி என்னும் பெயர் வழிவழியாக நிலைக்க முயலவேண்டும் என அது தொடங்குகிறது. பிற குடிகளின் பெயரை ஏற்றிருப்பது தற்காலிகமே, மோரியை மறத்தல் கூடாது என இளையோர் இருவரையும் அறிவுறுத்துகிறது. மூவருக்கிடையே சிறு விரிசல் தோன்றினும் மூவரும் அழிவர் என எச்சரிக்கிறது. தம்பியரைப் பொறுத்துக்கொள்ளுமாறு மூத்தவருக்கும், அண்ணனைப் பணியுமாறு இளையவருக்கும் கூறுகிறது. மறைந்த தாயை நினைவூட்டுகிறது. ஷிஷிதோக் குடியில் வாழ்க்கைப்பட்ட மகளின் இல்லத்தைத் தாழ்த்தி நடத்தலாகாது என்கிறது. தாம் பலரைக் கொன்றுள்ளமையால் அவ்வினை தம் மக்களைச் சூழுமோ என்னும் அச்சத்தையும் அம்முதியவர் மறைக்கவில்லை.

அம்புக் கதைக்கும் இம்மடலுக்கும் உள்ள வேறுபாடு பெரிது. கதையில் ஒற்றுமை, பார்த்தவுடன் விளங்கும் உண்மை. மடலில் அது அச்சத்தில் பிறந்த கட்டளை. அக்காலத்தில் தக்காமொத்தோவுக்கு எழுதிய வேறொரு மடலில், அயல்நாடு கிடக்கட்டும், நம் நாட்டிலேயே நம் குடி நன்றாயிருக்க வேண்டும் என எண்ணுவோர் ஒருவரும் இலர் என அவர் குறிப்பிடுகிறார். மக்களுக்கிடையிலும் ஏற்கெனவே விரிசல் இருந்தது. தம்பியர் இருவரும் தமக்குள் மட்டும் கலந்து பேசித் தம்மைத் தனியே விட்டுவிட்டு ஊர் திரும்புகின்றனர் எனத் தக்காமொத்தோ தந்தையிடம் முறையிட்டிருந்தார். ஒற்றுமையாய் இருந்த மூவருக்கு எழுதப்பட்ட வாழ்த்து அன்று இம்மடல். பிரியத் தொடங்கிய மூவரைக் கட்டிய கயிறு.

மடலின் ஒரு கூறு தனியே நோக்கத்தக்கது. மொத்தோநாரிக்கு வேறு மனைவியர் வயிற்றில் பிறந்த சிறு மக்களும் இருந்தனர். அவர்களைப் பூச்சி போன்றவர்கள் எனக் குறிப்பிட்டு, வளர்ந்தபின் ஓரளவு அறிவுடையோர் இருப்பின் தொலைவில் ஏதேனும் ஓரிடம் கொடுத்துவிடுங்கள். பயனற்றவராயின் உங்கள் விருப்பம்போல் செய்துகொள்ளுங்கள் என எழுதுகிறார். அச்சிறுவருள் ஒருவர் மொத்தோக்கியோ. 1551இல் பிறந்த அவருக்கு அப்போது ஆறு வயது. அவருடைய வழியை நாம் பின்னர்க் காண்போம்.

தன்னை ஈந்த கிளை

தக்காமொத்தோவுக்குப் பின் அவருடைய மகன் தெருமொத்தோ (1553-1625) சிறுவனாகவே தலைமை ஏற்றார். பாட்டனும், அவருக்குப் பின் சிற்றப்பன்மார் இருவரும் அவரைத் தாங்கினர். தந்தையின் மடலுக்கு அவர்கள் உண்மையாகவே நடந்தனர். ஹிதேயோஷியின் ஆட்சியில் 1591ஆம் ஆண்டு மோரியின் நிலமதிப்பு 11 இலட்சத்து 20 ஆயிரம் கோக்கு என வரையறுக்கப்பட்டது. ஒரு கோக்கு என்பது ஒருவர் ஓராண்டில் உண்ணும் அரிசியின் அளவாகக் கருதப்பட்டது. ஏறத்தாழ 180 லிட்டர்.

தெருமொத்தோவுக்கு நெடுநாள் மகன் பிறக்கவில்லை. ஹிதேயோஷி தம் மனைவியின் உடன்பிறந்தார் மகனாகிய ஹிதேயாக்கியை மோரிக்குத் தத்தாக அனுப்பக் கருதினார் என்றும், அதனை உணர்ந்த தக்காக்காகே அவ்விளைஞரைத் தம் கோபாயாகாவாவுக்குத் தத்தாகத் தாமே வேண்டிப் பெற்றார் என்றும் வழிவழிச் செய்தி கூறுகிறது. 1594இல் தத்து நிகழ்ந்தது. பிறர் குருதி தலைமை இல்லத்தில் புகாதிருக்கத் தம் இல்லத்தையே அவர் திறந்துவிட்டார் எனலாம். மோரித் தலைமைக்கு மொத்தோக்கியோவின் மகன் ஹிதேமொத்தோ தத்தாக வந்தார். ஆனால் 1595இல் தெருமொத்தோவுக்கே ஹிதேநாரி என்னும் மகன் பிறக்க, ஹிதேமொத்தோ தலைமையினின்று விலகித் தனி இல்லம் கண்டார்.

தக்காக்காகே 1597இல் மறைந்தார். ஹிதேயாக்கி 1600இல் செக்கிகஹாராப் போர்க்களத்தில் பக்கம் மாறி, தொக்குகாவா இயேயாசுவின் வெற்றிக்குக் காரணமானார். 1602இல் மகப்பேறின்றி இறந்தார். கோபாயாகாவாக் குடி அத்துடன் அற்றது. இரண்டு ஆறுகளுள் ஒன்று வற்றியது.

செக்கிகஹாராவில் அசையாத படை

எஞ்சிய ஆறாகிய கிக்காவாவின் தலைவர் அப்போது மொத்தோஹாருவின் மகன் ஹிரோயியே (1561-1625). தெருமொத்தோ இயேயாசுவுக்கு எதிரான மேற்குப் படையின் தலைவராக ஒசாக்காக் கோட்டையில் அமர்ந்திருந்தார். அவ்வணி தோற்கும் என ஹிரோயியே கணித்தார். மோரியின் மூத்த பணியாளரான ஃபுக்குஹாரா ஹிரோத்தோஷியுடன் சேர்ந்து, இயேயாசுவின் தரப்பினரோடு மறைவில் பேசினார். மோரிப் படை போரிடாது. மோரியின் நிலங்கள் குறைக்கப்படா. இதுவே உடன்பாடு.

1600 அக்டோபர் 21 அன்று, நங்கூ மலையில் மோரிப் படை நின்றது. முன்னணியில் ஹிரோயியே; பின்னே இளைஞர் ஹிதேமொத்தோ. முன்னணி அசையாமையால் பின்னணி இறங்க இயலவில்லை. ஏன் தாமதம் எனத் துணைப்படையினர் ஆளனுப்பிக் கேட்க, வீரர்கள் உணவருந்துகின்றனர் என ஹிதேமொத்தோ விடையிறுத்தார் என்பர். ‘வெற்று உணவுப்பெட்டி’ என்னும் பெயரால் அது நகைப்புக்குரிய கதையாக நிலைத்துவிட்டது. மலைமேல் அவர்கள் நின்றிருக்க, கீழே போர் ஒரே நாளில் முடிந்தது.

உடன்பாடு காக்கப்படவில்லை. தெருமொத்தோ ஒப்பமிட்ட மடல்கள் ஒசாக்காவில் கிடைத்தன என்னும் காரணம் காட்டி, மோரியின் நிலம் முழுவதையும் பறிக்க இயேயாசு முடிவு செய்தார். சுவோ, நகாத்தோ நாடுகளை ஹிரோயியேவுக்கே கொடுக்க முன்வந்தார். ஹிரோயியேவின் வாழ்வில் உச்சமான கணம் அது. கிளையே மரமாகும் வாய்ப்பு கைக்கு எட்டியிருந்தது. அவரோ அதனை ஏற்காது, அவ்விரு நாடுகளையும் தலைமை இல்லத்துக்கே தருமாறு மன்றாடினார். வேண்டுகோள் ஏற்கப்பட்டது. மோரி பிழைத்தது, ஆனால் நிலமதிப்பு 2 இலட்சத்து 98 ஆயிரம் கோக்காகச் சுருங்கியது. பின்னர் அது 3 இலட்சத்து 69 ஆயிரமாகத் திருத்தப்பட்டது.

ஹிரோயியே செய்தது காட்டிக்கொடுத்தலா, காத்தலா? போரிட்டிருந்தால் மோரி வென்றிருக்கலாம். அல்லது அடியோடு அழிந்திருக்கலாம். முக்கால் பங்கு நிலத்தை இழந்தவர்களுக்கு இழப்பே கண்முன் நின்றது; எஞ்சிய கால் பங்கு யாரால் எஞ்சியது என்பது மறக்கப்பட்டது.

நான்கு கிளைகள், ஒரு வழக்கு

தெருமொத்தோ ஹிரோஷிமாவை விட்டு வடகடற்கரையில் ஹாகி என்னுமிடத்தில் 1604இல் புதுக்கோட்டை கட்டத் தொடங்கினார். தலைமை இல்லத்தைச் சுற்றிக் கிளைகள் அமைந்தன. மேற்கே சோஃபுவில் ஹிதேமொத்தோவின் வழி. தென்கடற்கரையில் தொக்குயாமாவில் தெருமொத்தோவின் இரண்டாம் மகன் நாரித்தாக்காவின் வழி. சோஃபுவினின்று 1653இல் பிரிந்த கியோசுவே, 10 ஆயிரம் கோக்கே கொண்ட மிகச் சிறிய கிளை. நான்காவது, கிழக்கெல்லையில் இவாக்குனியில் கிக்காவாவின் வழி. முதல் மூன்று கிளைகளின் தலைவர்களும் தைமியோ என்னும் சிற்றரசர் தகுதி பெற்றனர். கிக்காவா மட்டும் பெறவில்லை. ஷோகுனாட்சி கிக்காவாவை ஏறத்தாழ ஒரு தைமியோவாகவே நடத்திற்று. ஹாகியோ அவ்வில்லத்தைக் கிளை என ஏற்க மறுத்துப் பணியாளர் நிலையிலேயே வைத்தது. 1600இன் கசப்பே காரணம் என்பது பழைய கருத்து. ஹிதேமொத்தோவுக்கும் ஹிரோயியேவுக்கும் இடையிலான போட்டியும் காரணமாகலாம். காரணம் எதுவாயினும் இரண்டரை நூற்றாண்டுகளுக்கு மேல் இந்நிலை நீடித்தது. 1673இல் கிக்காவாவினர் கட்டிய ஐந்து வளைவுகள் கொண்ட கிந்தாய் மரப்பாலத்தை இன்றும் உலகோர் வந்து காண்கின்றனர். 1674இல் மீண்டும் கட்டப்பட்ட அப்பாலம் 1950இன் புயல்வெள்ளம் வரை நின்றது. 1953இல் மறுபடியும் எழுந்தது. அதனைக் கட்டியவர்கள் தம் குடிக்குள் பெயரற்றவர்களாக இருந்தனர்.

ஏற்கப்பட்ட கிளைகளுக்கும் அமைதி உறுதியாய் இல்லை. 1715இல் ஹாகி நிலத்துக்கும் தொக்குயாமா நிலத்துக்கும் எல்லையாகிய மன்யாக்கு மலையில், ஹாகிப் பக்கத்து உழவர் ஒருவர் இளம் பைன் மரமொன்றை வெட்டினார். தொக்குயாமாவின் காவல்வீரர்கள் அவரைக் கொன்றனர். மலை யாருடையது என்னும் வழக்கு மூண்டது. தொக்குயாமாவின் தலைவர் மொத்தோத்சுகு, கவிதையில் வல்லவர், பணிய மறுத்தார். ஹாகி தன் கிளையின்மேல் ஷோகுனிடமே முறையிட்டது. 1716இல் தொக்குயாமாச் சிற்றரசு ஒழிக்கப்பட்டது. மொத்தோத்சுகு வடக்கே ஷின்ஜோவில் காவலில் வைக்கப்பட்டார். அவருடைய பணியாளர்கள் விடாது முறையிட, 1719இல் அவர் மகனின் தலைமையில் சிற்றரசு மீண்டும் அமைந்தது. ஒரு பைன் மரக்கன்றுக்காக ஓர் உழவர் உயிரிழந்தார்; ஒரு கிளை மூன்றாண்டுகள் இல்லாது போயிற்று. ஒற்றுமை மடல் எழுதப்பட்டு நூற்றறுபது ஆண்டுகளே ஆகியிருந்தன.

பூச்சியின் வழித்தோன்றல்

அவ்வழக்கின்போது ஹாகியில் தலைமை வகித்த யோஷிமொத்தோவும் ஒரு கிளையினர் என்பதே வியப்பு. 1707இல் தெருமொத்தோவின் வழிவந்த ஹாகித் தலைவர் மகப்பேறின்றி இறக்க, சோஃபுவிலிருந்து தத்தாக வந்தவர் அவர். சோஃபுவின் முதல்வர் ஹிதேமொத்தோ. ஹிதேமொத்தோவின் தந்தை மொத்தோக்கியோ. பாட்டன் மடலில் பூச்சி எனக் குறிக்கப்பட்ட சிறுவர்களுள் ஒருவரின் வழி, நூற்றைம்பது ஆண்டுகளில் தலைமை இருக்கையில் அமர்ந்தது. மெய்ரின்கான் என்னும் புகழ்மிக்க கல்விச்சாலையை 1719இல் ஹாகியில் நிறுவியவரும் இந்த யோஷிமொத்தோவே.

அதனினும் நுண்ணியது அடுத்த மாற்றம். 1718இல் சோஃபுவின் தலைவர் இளமையிலேயே இறந்தார். மிகச் சிறிய கியோசுவேக் கிளையின் தலைவர் தம் சிற்றரசை விடுத்துச் சோஃபுவைத் தாங்க வந்தார். கியோசுவே சில ஆண்டுகள் இல்லாது போய், 1729இல் மீண்டும் அமைந்தது. சோஃபு சென்ற அவருடைய மகன் ஷிகேத்தாக்கா, 1751இல் ஹாகியின் தலைமையை ஏற்றார். 10 ஆயிரம் கோக்குக் கிளையின் குருதி, மூன்றரை இலட்சத்துக்கு மேற்பட்ட கோக்குத் தலைமையைத் தாங்கிற்று. ஷிகேத்தாக்கா நிலங்களை மீண்டும் அளந்து, 1763இல் தனியொரு நிதியமைப்பை உருவாக்கினார். அன்றாடச் செலவில் கலக்காது வளர்க்கப்பட்ட அந்நிதியே, ஒரு நூற்றாண்டுக்குப் பின் அக்குடி துப்பாக்கிகளும் கப்பல்களும் வாங்க உதவிற்று. மெய்ஜி மாற்றத்தின் பொருள்வலிமைக்கு வித்திட்டவர் கிளையின் கிளையில் பிறந்தவர்.

இறந்தவருக்குக் கிடைத்த ஏற்பு

1863இல் ஷிமோனோசெக்கிக் கடலிடுக்கில் மேலைநாட்டுக் கப்பல்களைச் சுட்டமை, 1864இல் கியோத்தோ அரண்மனை வாயிலில் போரிட்டுத் தோற்றமை ஆகியவற்றால் சோஷூ எனப்பெற்ற ஹாகிச் சிற்றரசு பேரிடரில் வீழ்ந்தது. ஷோகுனின் பெரும்படை சூழ்ந்தது. அப்போது எதிர்த்தரப்பின் சைகோ தக்காமோரியுடன் பேசி, போரின்றி இடரைத் தீர்க்க இடைநின்றவர் இவாக்குனியின் கிக்காவா த்சுனேமாசா. 264 ஆண்டுகளுக்கு முன் ஹிரோயியே ஏற்ற பணியே மீண்டும் அவ்வில்லத்தின் தலைமேல் விழுந்தது.

இம்முறையும் விலை உண்டு. மூன்று மூத்த அமைச்சர்கள் வயிற்றைக் கிழித்து உயிர்விட வேண்டும் என்பது முடிவு. அவர்களுள் ஒருவராகிய ஃபுக்குஹாரா எச்சிகோ உயிர்நீத்த இடம் இவாக்குனி. அவர் தொக்குயாமாத் தலைவரின் மகன். ஃபுக்குஹாராக் குடிக்குத் தத்துச் சென்றவர். அவருடைய தம்பி மொத்தோநோரி ஹாகியின் தலைவர் தக்காச்சிக்காவுக்குத் தத்து மகனாகி, தலைமைக்கு உரியவராக இருந்தார். தம்பி அமரவிருந்த இருக்கையைக் காக்க அண்ணன் உயிர் துறந்தார். 1716இல் தலைமை இல்லத்தால் ஒழிக்கப்பட்ட தொக்குயாமாவே அவ்விருவரையும் ஈந்தது.

1866இல் ஷோகுனின் படை மீண்டும் வந்தது. அதற்குள் சோஷூ தன் பழம்பகையாகிய சாத்சுமாவுடன் உடன்படிக்கை கண்டிருந்தது. நான்கெல்லையிலும் போர் மூண்டது. கிழக்கெல்லையில் இவாக்குனியினரும் களத்தில் நின்றனர். ஷோகுனின் படை தோற்றுத் திரும்பிற்று. ஈராண்டுகளில் தொக்குகாவா ஆட்சி வீழ்ந்தது.

கிக்காவா த்சுனேமாசா அதனைக் காணவில்லை. 1867இல் அவர் இறந்தார்; இறப்பு வெளியிடப்படாது மறைக்கப்பட்டது. 1868இல் புதிய அரசு இவாக்குனியைத் தனிச்சிற்றரசாக ஏற்றபோது, ஏட்டில் அவர் உயிரோடிருந்தார். 268 ஆண்டுகள் காத்திருந்த தகுதி, மறைந்துவிட்ட ஒருவரின் பெயரில் வந்து சேர்ந்தது. மூன்றாண்டுகளில் சிற்றரசுகள் யாவும் ஒழிந்து மாவட்டங்கள் ஆயின. 1884இல் புதிய பிரபு வரிசை வகுக்கப்பட்டபோது, தொக்குயாமாவில் பிறந்த மொத்தோநோரி முதல் நிலைப் பிரபு ஆனார். சோஃபு, தொக்குயாமா, கியோசுவேத் தலைவர்கள் நான்காம் நிலை பெற்றனர். கிக்காவாவுக்குக் கிடைத்தது ஐந்தாம் நிலை. 1891இல்தான் அது மற்றக் கிளைகளுக்கு இணையாக உயர்ந்தது.

முடிவுரை

மூன்று அம்புகள் சேர்ந்தால் ஒடியா என்பது உண்மையே. ஆனால் மோரிக் குடி ஒடியாமைக்கு அது மட்டும் காரணம் அன்று. கோபாயாகாவா தன்னை அழித்துக்கொண்டது. கிக்காவா பழியைச் சுமந்தது. தொக்குயாமா தண்டிக்கப்பட்டபின்னும் மக்களை ஈந்தது. கியோசுவே தன் இருப்பையே விட்டுக்கொடுத்தது. பூச்சி எனத் தள்ளப்பட்டவரின் வழி தலைமையாயிற்று. அம்புக் கதையில் மூன்று அம்புகளும் ஒரே நீளம், ஒரே தடிமன். எந்த அம்பும் மற்றொன்றுக்காகத் தேய்வதில்லை. வரலாற்றிலோ சுமை ஒருபோதும் சமமாகப் பகிரப்படவில்லை.

ஆலமரத்துக்கு விழுதுகள் அரண் என்கிறோம். அடிமரம் உளுத்துப்போன பின்னும் ஆல் நிற்பது விழுதுகளால்தான். அந்நிலையில் எது அடிமரம், எது விழுது எனப் பிரித்தறிய இயலாது. மோரிக் குடியின் வரலாறு காட்டுவதும் இதுவே. ஒரு குடியாயினும் ஓர் அமைப்பாயினும் அதன் ஒற்றுமையைப் போற்றுங்கால், அவ்வொற்றுமைக்காகத் தேய்ந்தவர் யாவர் எனக் கேட்டறிவது வரலாறு பயில்வோரின் கடமை. தலைமையின் பெயர் கல்வெட்டிலும் கதையிலும் தானே நிலைத்துவிடும். தாங்கியவர்களின் பெயர்களை நாம்தான் தேடிச் சொல்லவேண்டும்.